வளரும் அணியும் மறையும் உழைப்பும்: கணினி நினைவக மேலாண்மை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலக்கிய மாணவன் ஒருவன் கணினியின் உள்ளமைப்பைப் பற்றி எழுத முற்படும்போது, அது அவனுக்குரிய பொருள்தானா என்ற வினா எழுதல் இயல்பே. இலக்கிய வரலாற்றைச் சமூக வரலாற்றின் பகுதியாகக் கொள்வோர் ஏட்டையும் எழுத்தாணியையும், காகிதத்தையும் அச்சுப்பொறியையும் ஆய்வுக்கு அப்பாற்பட்ட பொருள்களாக ஒருபோதும் கருதியதில்லை. எழுத்தைத் தாங்கும் பொருளின் தன்மை எழுத்தின் போக்கைப் பாதிக்கின்றது என்பது நாம் அறிந்ததே. இன்று தமிழ் எழுதப்படுவதும் திருத்தப்படுவதும் சேமிக்கப்படுவதும் பெரும்பாலும் கணினியின் நினைவகத்திலேயே. ஆதலின் அந்நினைவகம் எவ்வாறு பங்கிடப்படுகின்றது, அப்பங்கீட்டின் செலவை யார் ஏற்கின்றனர் என்னும் வினாக்கள் நமக்கும் உரியனவே.

இக்கட்டுரை அப்பெருந்துறையின் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கின்றது. ஒரு பட்டியலில் எத்தனை பெயர்கள் இடம்பெறும் என்பது முன்கூட்டித் தெரியாதபோது அதற்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது? ஒதுக்கிய இடம் நிரம்பியபின் என்ன செய்வது? கணினியியலார் ஒரே வகைப் பொருள்களை அடுத்தடுத்து வரிசையாக வைக்கும் அமைப்பை 'அணி' என்பர். நமது இலக்கணத்தில் அணி அலங்காரத்தையும் குறிக்கும். படையின் வரிசையையும் குறிக்கும். இங்குப் பின்னைய பொருளே பொருந்துவது. தேவைக்கேற்ப நீளும் அணியை வளரும் அணி எனலாம். அதன் வரலாறு சுமார் எழுபது ஆண்டுகளுக்குட்பட்டது. ஆயினும் அது விடைகாண முயன்ற பிரச்சினை மிகப் பழையது. கண்டிப் பிரதேசத்தின் பதிவேடுகளே அதற்குச் சான்றாகும்.

1. ஏட்டுக்கட்டும் பேர்ப்பதிவும்

கண்டி இராச்சியத்தில் நிலத்தையும், நிலத்துக்கு ஈடாகச் செய்யவேண்டிய இராசகாரியம் என்னும் ஊழியத்தையும் பதிவுசெய்த ஏடுகள் 'லேகம் மிட்டி' எனப்பட்டன. மிட்டி என்னும் சிங்களச் சொல் கட்டு எனப் பொருள்படும். இப்பெயரே அப்பதிவேட்டின் அமைப்பை விளக்கிவிடுகின்றது. ஒவ்வோர் ஓலையின் நீளமும் அகலமும் பனை அல்லது தாளிப்பனையின் இலையால் வரையறுக்கப்பட்டவை. ஆனால் ஓலைகளைத் துளையிட்டுக் கயிற்றில் கோத்த கட்டு அவ்வாறு வரையறுக்கப்பட்டதன்று. புதிய நிலமோ புதிய குடியோ பதிவாகவேண்டின் மேலும் ஓர் ஓலை சேர்க்கப்படலாம். முன்னைய ஓலைகளை மீண்டும் எழுதவேண்டிய தேவையில்லை. தனி ஏட்டின் இடம் நிலையானது. கட்டின் நீளம் வளரக்கூடியது.

1815இல் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. அடுத்துவந்த இரு தலைமுறைக் காலத்துள் மலைநாட்டின் உற்பத்தி முறையே மாறிவிட்டது. 1867ஆம் ஆண்டு இவ்வகையில் மனங்கொள்ளத்தக்கது. அவ்வாண்டில் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். கொழும்பிலிருந்து புகையிரதப் பாதை கண்டியை வந்தடைந்தது. ஐரோப்பாவில் மார்க்சின் 'மூலதனம்' முதற்பாகம் வெளியாயிற்று. தோட்டப் பொருளாதாரம் தனக்குரிய பதிவேட்டையும் கொண்டுவந்தது. தொழிலாளர் 'செக்ரோல்' என்று வழங்கும் அப்பேரேட்டில் பெயர்கள் மேலிருந்து கீழாகவும் நாள்கள் இடமிருந்து வலமாகவும் அமைந்தன. கணினியியலாரின் மொழியிற் கூறின் அது இருபரிமாண அணி. கட்டங்கள் அச்சிடப்பட்டவையாதலால் அதன் அளவு முன்னரே முடிவானது. மாதம் முடிந்து அடுத்த மாதப் பேரேடு தொடங்கும்போது, நீங்கியோரை விடுத்து, வந்தோரைச் சேர்த்து, எஞ்சிய பெயர்கள் யாவும் மீண்டும் எழுதப்படவேண்டியிருந்தன. பட்டியலைப் புதிய இடத்துக்குப் படியெடுத்தல் என்னும் செயல் கணினிக்கு முன்பே கணக்கப்பிள்ளையின் கைவேலையாக நிலவியது.

தேயிலை வணிகச் சங்கிலியின் ஒருமுனை இதுவாயின், மறுமுனையில் நிகழ்ந்ததும் குறிப்பிடத்தக்கதே. அலுவலக வேலைக்கென அமைக்கப்பட்டு நாளாந்தப் பயன்பாட்டுக்கு வந்த முதற் கணினியாகக் கருதப்படும் 'லியோ', இலண்டனில் தேநீர்க்கடைகளால் பெயர்பெற்ற லயன்ஸ் நிறுவனத்தால் அமைக்கப்பட்டது. 1951இல் அது வெதுப்பகக் கணக்குகளைச் செய்யத் தொடங்கியது. பின்னர் ஊழியரின் சம்பளக் கணக்கும் தேநீர்க்கடைகளின் நாளாந்தக் கட்டளைகளும் அதன் பொறுப்பாயின. பாதரசக் குழாய்களில் ஒலியலைகளாக ஓடிய அதன் நினைவகம் 2,048 சொற்களை மட்டுமே கொண்டது. இந்நெருக்கடியான இடத்தில் எந்தத் தரவு எங்கே அமரவேண்டும் என்பதைச் செய்நிரலாளர் தாமே தீர்மானித்தனர். நினைவக மேலாண்மை அன்று மனிதரின் வெளிப்படையான உழைப்பாகவே இருந்தது.

2. நிலையான அணியிலிருந்து நகரும் அணிக்கு

1957இல் வெளியான போர்ட்ரான் மொழியில் அணியின் அளவைச் செய்நிரலின் தொடக்கத்திலேயே எண்ணாற் குறிப்பிடவேண்டும். நூறு இடம் எனக் கூறினால் நூறு இடமே. நூற்றோராவது பொருளுக்கு இடமில்லை. பத்துப் பொருள்களே வந்தால் தொண்ணூறு இடம் வெறுமையாகக் கிடக்கும். அல்கோல் 60 சற்று முன்னேறி, ஒரு செய்நிரற் பகுதிக்குள் நுழையும் வேளையில் அளவைக் கணித்துக்கொள்ள இடமளித்தது. நுழைந்தபின் அவ்வளவு மாறாது. அல்கோல் 68 நெகிழும் அணி என்னும் கருத்தை மொழிக்குள்ளேயே கொண்டுவந்தது.

இதே காலப்பகுதியில் வேறொரு வழியும் திறந்தது. ஜோன் மக்கார்த்தி மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவாக்கிய லிஸ்ப் மொழி அடுத்தடுத்த இடங்களையே கோரவில்லை. ஒவ்வொரு பொருளும் அடுத்த பொருளின் முகவரியைத் தன்னுடன் வைத்திருக்கும். ஆதலால் நினைவகத்தின் எந்த மூலையிலும் புதிய பொருளை வைத்துச் சங்கிலியில் இணைக்கலாம். பழையவற்றைப் படியெடுக்க வேண்டியதில்லை. இதன் குறை, ஐந்நூறாவது பொருளை அடைய அதற்கு முன்னுள்ள அனைத்தையும் கடந்து செல்லவேண்டும் என்பது. அடுத்தடுத்த இடங்களில் அமையும் அணியிலோ தொடக்க முகவரியோடு ஓர் எண்ணைக் கூட்டினால் ஐந்நூறாவது இடம் உடனே கிட்டும். இவ்விரைவின் பொருட்டே அணி கைவிடப்படாமல் நிலைத்தது.

லிஸ்ப் வழங்கிய மற்றொரு கருத்து வரலாற்றில் மேலும் பெரிது. எவரும் சுட்டாத பொருள்களை இயக்கச்சூழலே தேடிக் கண்டுபிடித்து, அவற்றின் இடத்தை மீட்டுக்கொள்ளும் முறையை மக்கார்த்தி 1960இல் வெளியிட்டார். 'குப்பை சேகரிப்பு' என்னும் பெயரால் அது நிலைபெற்றது. அதே ஆண்டில் ஜோர்ஜ் கொலின்ஸ், ஒவ்வொரு பொருளையும் எத்தனை சுட்டிகள் சுட்டுகின்றன என எண்ணிவரும் மாற்றுமுறையை முன்வைத்தார். இன்றைய மொழிகள் பலவற்றின் நினைவக மேலாண்மை இவ்விரு முறைகளின் வழிவந்ததே.

பெல் ஆய்வுகூடத்தின் சி மொழி வேறு பாதையிற் சென்றது. 1979இல் வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 'மலொக்', 'ரியலொக்' என்னும் இரு பணிக்கூறுகள் இருந்தன. முன்னையது இடம் கேட்பதற்கு. பின்னையது பெற்ற இடத்தை விரிப்பதற்கு. விரிக்கும்போது நிகழ்வதை மலைநாட்டுத் தோட்டத்தின் லயன் வரிசையைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் ஒரே கூரையின்கீழ் ஒட்டிநின்ற காம்பராக்கள் அவை. ஒரு குடும்பம் பெருகி, அடுத்த காம்பராவும் வெறுமையாக இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே வேறொரு குடும்பம் வாழ்ந்தால் இரண்டே வழிகள்தாம்: நெருக்கியடித்து இருத்தல், அல்லது இரு காம்பராக்கள் சேர்ந்து வெறுமையாயுள்ள வேறு லயனுக்குக் குடும்பம் முழுவதும் பெயர்தல். ரியலொக் செய்வதும் இதுவே. அருகில் இடமிருப்பின் விரிக்கும். இல்லையேல் முழு அணியையும் வேறிடத்துக்குப் படியெடுத்துப் பழைய இடத்தை விடுவிக்கும். பழைய முகவரியை வைத்திருக்கும் வேறொரு செய்நிரற் பகுதி அதை அறியாது. பெயர்ந்த குடும்பத்தின் கடிதம் பழைய காம்பராவில் வேறொருவர் கைக்குச் செல்வதுபோல், அது பிறர் தரவை வாசிக்கும் அல்லது அழிக்கும். சி மொழிச் செய்நிரல்களின் நெடுநாட் பிழைகள் பல இவ்வாறு தோன்றியவையே.

இவ்வொப்புமைக்கு எல்லையுண்டு. கணினி ஒரு கணத்தில் மாற்று இடம் தேடும். லயனில் பிறந்த பெரும்பான்மையோர்க்கோ பெயர்ந்து செல்ல வேறு காம்பரா கிடைத்ததில்லை. முதல்வழியாகிய நெருக்கமே அவர்களது வரலாறாயிற்று. இடத்தின் அளவைத் தீர்மானிப்பவரும் அதில் வாழ்பவரும் வேறுவேறாக இருக்கும்போது நிகழ்வது இது. கணினியின் நினைவகத்திலும் அளவைத் தீர்மானிப்பவர் யார் என்ற வினாவை நாம் மறத்தலாகாது.

3. வளர்ச்சியின் கணக்கு

அணி நிரம்பியபின் எவ்வளவு கூட்டுவது என்பதே அடுத்த பிரச்சினை. ஓர் எளிய கணக்கு இதனைத் தெளிவுபடுத்தும். ஆயிரம் பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு தடவையும் ஓரிடம் மட்டுமே கூட்டி, முழுப் பட்டியலையும் புதிய இடத்துக்குப் படியெடுத்தால், மொத்தம் 499,500 தடவை பெயர்கள் படியெடுக்கப்படும். பத்துப்பத்து இடமாகக் கூட்டினால் இது 49,500 ஆகக் குறையும். நிரம்பும்போதெல்லாம் இடத்தை இரட்டித்தால் 1,023 மட்டுமே. பெயர்கள் இரண்டாயிரமானால் வேறுபாடு மேலும் விரியும்: பத்துப்பத்தாகக் கூட்டும் முறையில் உழைப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகி 199,000 ஆகும், இரட்டிக்கும் முறையில் 2,047 ஆகும். முன்னையதில் உழைப்பு பட்டியலின் வர்க்கத்தோடு பெருகுகின்றது. பின்னையதில் பட்டியலின் நீளத்தோடு மட்டுமே பெருகுகின்றது.

இச்சேமிப்புக்கு ஒரு விலை உண்டு. ஆயிரத்து இருபத்தைந்தாவது பெயர் வந்தவுடன் 2,048 இடங்கள் பெறப்படும். அவற்றுள் 1,023 வெறுமையாகக் கிடக்கும். படியெடுக்கும் வேளையில் பழைய 1,024 இடங்களும் புதிய 2,048 இடங்களும் ஒருங்கே இருக்கவேண்டும். அதாவது 1,025 பெயர்களுக்காக அக்கணத்தில் 3,072 இடங்கள் பிடிக்கப்படுகின்றன. உழைப்பைக் குறைக்க இடம் செலவாகின்றது; இடத்தைக் குறைக்க உழைப்பு செலவாகின்றது. மேற்கூறிய எளிய முறைகளுள் எதுவும் இரண்டையும் ஒருங்கே குறைப்பதில்லை.

மொழிகள் தத்தம் தேவைக்கேற்ப இடைவழிகளை மேற்கொண்டன. ஜாவா மொழியின் தொடக்ககால 'வெக்டர்' இரட்டித்தது. 1998இல் வந்த 'அரேலிஸ்ட்' பாதியளவு மட்டுமே கூட்டுகின்றது: 10, 15, 22, 33, 49, 73 என அதன் கொள்ளளவு செல்லும். பைதன் மொழியின் பட்டியல் ஏறத்தாழ எட்டிலொரு பங்கையே மேலதிகமாகப் பெறுகின்றது. ஒன்றரை மடங்குக்கு வேறொரு நியாயமும் கூறுவர். இரட்டிக்கும்போது, கைவிடப்பட்ட பழைய இடங்கள் அடுத்தடுத்து இருந்து ஒன்றாகச் சேர்ந்தாலும் புதிய தேவைக்குப் போதா. ஒன்றும் இரண்டும் நான்கும் சேர்ந்து ஏழே, தேவையோ எட்டுக்கு மேல். மேற்காட்டிய வரிசையில் 49இலிருந்து 73க்கு வளரும்போது பழைய 10, 15, 22, 33 ஆகியன சேர்ந்து 80 ஆகின்றன. கைவிட்ட இடத்தையே மீண்டும் பயன்படுத்த வழி பிறக்கின்றது.

இக்கணக்குக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவருள் முதன்மையானவர் ரொபேட் டார்ஜன். செயல்களின் தொடரொன்றில் மொத்தச் செலவைப் பரவலாகப் பங்கிட்டு நோக்கும் முறையை 1985இல் வெளியான ஆய்வுரையில் அவர் முறைப்படுத்தினார். அதனைக் காசுக் கணக்காக இவ்வாறு விளக்கலாம். இரட்டிக்கும் அணியில் சேரும் ஒவ்வொரு பெயரும் மூன்று காசு செலுத்தட்டும். ஒன்று, தான் அமர்வதற்கு. மற்ற இரண்டும் சேமிப்பில் இருக்கும். அடுத்த படியெடுப்பு நிகழும்போது ஒரு காசு அப்பெயரைப் பெயர்க்கும். மற்றது, முன்னரே தன் சேமிப்பைச் செலவிட்டுவிட்ட பழைய பெயரொன்றைப் பெயர்க்கும். புதிதாக வருபவர் தமக்கும் தமக்கு முன்வந்த ஒருவருக்குமாகச் செலுத்துகின்றார். எனவே எத்தனை பெயர் சேர்ந்தாலும் பெயரொன்றுக்கான சராசரிச் செலவு மாறாது.

கணக்கு பிழையற்றது. ஆனால் சராசரி என்பது நிகழ்ந்ததை முழுமையாகக் கூறுவதன்று. ஆயிரத்து இருபத்து நான்கு பெயர்கள் சேர்ந்தபின் அடுத்த ஒரு பெயர் சேரும் கணத்தில் 1,024 படியெடுப்புகள் ஒருங்கே நிகழ்கின்றன. மற்றையோர் விரைவாகக் கடந்த வாயிலில் அப்பெயருக்குரியவர் காத்துநிற்கின்றார். நாட்டின் சராசரி வருமானத்தை வைத்துத் தோட்டத் தொழிலாளியின் சமையலறையை அறியமுடியாதது போன்றதே இதுவும். சராசரியைக் கணித்தல் விஞ்ஞானத்தின் கடமை; சராசரிக்குள் மறைந்த கணத்தையும் மறவாதிருத்தல் அதனைப் பயன்படுத்துவோரின் கடமை.

4. இயக்கச்சூழலும் மறைவும்

இதுகாறும் கூறியவற்றை ஒரு செய்நிரல் மொழியின் இயக்கச்சூழல் தானே செய்துவிடுகின்றது. ஜாவாவிலோ பைதனிலோ எழுதுவோர் பட்டியலில் ஒரு பெயரைச் சேர் எனக் கூறினால் போதும். கொள்ளளவைச் சோதித்தல், புதிய இடம் பெறல், படியெடுத்தல், பழைய இடத்தை விடுவித்தல் யாவும் திரைமறைவில் நிகழும். பழைய அணியைத் திரும்பப் பெறுவது ஜாவாவில் குப்பை சேகரிப்பின் பணி. பைதனின் பொதுவழக்கிலுள்ள வடிவத்தில் பட்டியலின் உள்ளணி பெரும்பாலும் ரியலொக் வழிவந்த முறையிலேயே விரிகின்றது. பட்டியலை எவரும் சுட்டாதபோது சுட்டி எண்ணிக்கை அதனை விடுவிக்கின்றது.

இம்முன்னேற்றத்தின் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. பழைய முகவரியால் நேரும் பிழைகள் பெரிதும் நீங்கின. செய்நிரலாக்கம் மேலும் பலருக்கு எட்டுவதாயிற்று. ஆயினும் செலவு மறைந்துவிட்டதா? மறையவில்லை, இடம்மாறிற்று. லியோவின் செய்நிரலாளர் தாமே செய்த வேலையை இன்று இயக்கச்சூழலை எழுதிய பொறியியலாளரின் கடந்தகால உழைப்பும், ஓடும் இயந்திரத்தின் மின்சாரமும், பயனரின் காத்திருப்பும் பகிர்ந்துகொள்கின்றன. பண்டங்களின் உலகில் மனித உழைப்பின் உறவுகள் பொருள்களின் இயல்பான குணங்களாகத் தோற்றமளிக்கின்றன என மார்க்ஸ் விளக்கினார். அணி 'தானாக' வளர்கின்றது என்னும் பேச்சு அத்தகைய தோற்றமே. எந்த அணியும் தானாக வளர்வதில்லை.

வளர்ச்சியை மட்டுமே கருதிய ஏற்பாட்டின் அடையாளம் ஒன்றும் உண்டு. ஜாவாவின் அரேலிஸ்ட் பட்டியலிலிருந்து எல்லாப் பெயர்களையும் நீக்கினாலும் அதன் உள்ளணி சுருங்குவதில்லை. தனியாகக் கட்டளையிட்டாலன்றிப் பெற்ற இடத்தை அது விடாது. பைதனின் பட்டியலோ நிரம்பிய பகுதி பாதிக்குக் குறையும்போது இடத்தைத் திருப்பியளிக்கின்றது. இவை இயற்கை விதிகள் அல்ல. மொழியை அமைத்தோரின் தெரிவுகள்.

5. தமிழ் எழுத்தின் இடம்

இத்தெரிவுகள் தமிழோடு நேரடியாகத் தொடர்புறும் இடத்துக்கு இப்போது வருவோம். எழுத்துச்சரம் என்பதும் ஓர் அணியே. தட்டச்சுச் செய்யுந்தோறும் வளர்வது. ஒருங்குறியில் 'கண்டி' என்னும் சொல் க, ண, புள்ளி, ட, இகரக்குறி என ஐந்து குறியெண்களாகப் பதிவாகும். ஆங்கிலத்தில் அந்நகரின் பெயரும் ஐந்தெழுத்தே. எண்ணிக்கை ஒன்று, இடம் வேறு. 1992இல் கென் தொம்சனும் ரொப் பைக்கும் வகுத்து, இன்று பெருவழக்கிலுள்ள யு.ரி.எஃப்-8 முறையில் ஆங்கிலப் பெயருக்கு 5 பைட்டுகள் போதும்; தமிழ்ப் பெயருக்கு 15 வேண்டும். சிங்களத்தின் நிலையும் இதுவே. 'மகநுவர' என்பது சிங்கள எழுத்தில் ஆறு குறியெண்கள்; 18 பைட்டுகள். இந்நாட்டின் இருமொழியாளரும் இங்கு ஒரே வரிசையிலேயே நிற்கின்றனர் என்பது நோக்கற்பாலது.

இயக்கச்சூழலின் உள்ளே நிகழ்வது மேலும் நுட்பமானது. 2012இல் வெளியான பைதன் 3.3, சரத்திலுள்ள எழுத்துகளுக்கேற்ப இடத்தைத் தெரிவுசெய்யத் தொடங்கியது: எல்லாம் இலத்தீன் எழுத்தாயின் எழுத்தொன்றுக்கு ஒரு பைட்டு, தமிழ் போன்றன இருப்பின் இரண்டு, அதற்கும் உயர்ந்த குறியெண் ஒன்றேனும் இருப்பின் நான்கு. 2017இல் வெளியான ஜாவா 9 இலத்தீன் சரங்களை ஒரு பைட்டிலும் ஏனையவற்றை இரண்டிலும் வைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இதன் விளைவாக, முழுவதும் ஆங்கிலமாக வளர்ந்துவந்த ஜாவாச் சரக்கட்டமைப்பில் முதலாவது தமிழ் எழுத்து வந்து சேர்ந்தவுடன், முன்னர் எழுதிய அனைத்தும் இரு பைட்டு வடிவுக்கு மாற்றிப் படியெடுக்கப்படுகின்றன. ஒரு தமிழெழுத்தின் வருகை முழு அணியையும் பெயரச்செய்கின்றது.

வரலாற்று மாணவர்க்கு இன்னுமோர் எடுத்துக்காட்டு. முந்திரி, காணி, மா முதலிய பழந்தமிழ்ப் பின்னங்களின் குறியீடுகள் 2019இல் வெளியான ஒருங்குறி 12ஆம் பதிப்பில் இடம்பெற்றன. ஆனால் அவை அமைந்த பகுதி உயர்ந்த குறியெண்களுக்குரியது. பழைய நிலக்கணக்கு ஒன்றைத் தட்டச்சுச் செய்து, ஒரே சரமாகப் பைதனில் வாசித்தால், அதில் ஒரேயொரு முந்திரிக் குறி இருந்தாலும் முழுச்சரமும் எழுத்தொன்றுக்கு நான்கு பைட்டாகிவிடும். முந்நூற்றிருபதில் ஒரு பங்கைக் குறிக்கும் சின்னஞ்சிறு குறி முழு ஆவணத்தின் இடத்தையும் இரட்டிக்கின்றது.

இதனைத் தமிழுக்கெதிரான சதியெனக் கூறுதல் தவறு. யு.ரி.எஃப்-8 அதுவரை இருந்த ஆங்கிலக் கோப்புகள் மாற்றமின்றி வாசிக்கப்படவேண்டும் என்னும் நடைமுறைத் தேவையால் அவ்வாறு வகுக்கப்பட்டது. சுருக்கிச் சேமிக்கும் முறைகள் இவ்வேறுபாட்டின் பெரும்பகுதியைக் குறைப்பதும் உண்மையே. ஆயினும் முன்னரே குவிந்திருந்த தரவு யாருடையதோ அவர்க்கே மலிவான இடம் கிட்டிற்று என்பதும் உண்மை. தனிமனித விருப்பு வெறுப்பின்றியே முன்னைய திரட்சி பின்னைய பங்கீட்டைத் தீர்மானிக்கும் என்னும் அரசியற் பொருளாதார உண்மைக்கு இது நுண்ணிய சான்றாகும்.

6. மேற்கட்டுமானமும் அடித்தளமும்

இந்நிலையில் நம்மவரின் முயற்சிகளை எவ்வாறு மதிப்பிடுவது? முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' தமிழ்ச் சொற்களாலேயே செய்நிரல் எழுத உதவும் மொழி. அதுபற்றிய அவரது ஆய்வுரை 2009இல் வெளியாயிற்று. தமிழ் மாணவர்க்கு முதற்பாடம் தாய்மொழியிலேயே அமையவேண்டும் என்னும் நோக்கம் முற்போக்கானது. ஆயின் எழில் பைதன்மீது அமைந்தது. எழிலின் பட்டியல் வளரும்போது உண்மையில் வளர்வது பைதனின் பட்டியலே. இலங்கையில் தோன்றிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் 2017இல் அறிமுகஞ்செய்த 'பாலரினா' மொழி இன்னொரு வகையான சாதனை. சஞ்சீவ வீரவரண, ஜேம்ஸ் கிளார்க் முதலியோரின் பங்களிப்பால் உருவான அம்மொழியில், நீளம் குறிக்கப்படாத அணி தேவைக்கேற்ப வளரும். இடைவெளி ஏற்பட்டால் அவ்வகைக்குரிய இயல்புப் பெறுமதியால் நிரப்பப்படும். அணியின் நடத்தையை வரையறுக்கும் உரிமையை இந்நாட்டு முயற்சியொன்று பெற்றது இதன் சிறப்பு. எனினும் அதன் முதன்மை வடிவம் ஜாவாவின் மெய்நிகர் இயந்திரத்தின்மீது ஓடுவதாகலின், இடத்தைப் பெறுவதும் குப்பையைச் சேகரிப்பதும் அவ்வியந்திரத்தின் வேலையே.

அடித்தளம் வேறிடத்தில் இருப்பதனால் மேற்கட்டுமானம் பயனற்றதாகிவிடாது. அடித்தளத்துக்கும் மேற்கட்டுமானத்துக்குமுள்ள உறவு ஒருவழிப்பட்டதன்று என்பதை மார்க்சியர் வற்புறுத்தி வந்துள்ளனர். எழிலில் முதலடி வைக்கும் மாணவர் நாளை பைதனின் பட்டியல் எவ்வாறு வளர்கின்றது எனக் கேட்கலாம். அந்த மூலநிரல் திறந்தே கிடக்கின்றது. ஜாவாவின் திறந்தமூல வடிவமும் அவ்வாறே. வாசிக்கத் தடையில்லை, வாசிக்கும் பழக்கமே வேண்டும். மேற்பரப்பில் தமிழ்ப் பெயரிட்டு நிறைவுகொள்ளும் மனப்பான்மைதான் தேக்கத்துக்குக் காரணமாகும்.

லேகம் மிட்டியில் தன் பெயர் எவ்வாறு எழுதப்பட்டது என்பதைக் குடியானவன் தீர்மானிக்கவில்லை. செக்ரோலில் தன் பெயருக்கு நேரே அரைநாள் விழுந்ததா முழுநாள் விழுந்ததா என்பதைத் தொழிலாளி பல தலைமுறை பொறுத்தே படிக்கக் கற்றுக்கொண்டார்; படித்தபின் கேள்வி கேட்டார். பதிவேட்டின் அமைப்பை அறிதல் அதனுள் எழுதப்பட்டவரின் முதல் உரிமை. நமது மொழியும் வரலாறும் இன்று எழுதப்படும் பதிவேடு கணினியின் நினைவகமாகலின், அவ்வுரிமை இங்கும் பொருந்தும்.

பேராதனையில் கலைப்பீடத்துக்கும் பொறியியற்பீடத்துக்கும் நடுவே மகாவலி ஓடுகின்றது. அக்கரையில் நினைவக மேலாண்மை கற்போர் தமிழெழுத்தின் மூன்று பைட்டைப் பாடத்துக்கு வெளியே உள்ளதாகக் கருதலாகாது. இக்கரையில் ஏட்டுச்சுவடி கற்போர் ஒருங்குறியைத் தம் துறைக்கு அப்பாற்பட்டதாக ஒதுக்கலாகாது. பழங்கணக்கேடுகளைக் கணினியில் ஏற்றும் பணியை இரு பீடத்து மாணவரும் கூடி மேற்கொள்வராயின், முந்திரிக் குறியின் பொருளை ஒருவரும், அது பிடிக்கும் இடத்தை மற்றவரும் ஒரே மேசையில் அமர்ந்து விளக்கமுடியும். அத்தகைய கூட்டுழைப்புக்குத் தமிழ்ச் சங்கம் களமாக அமையவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.